மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் நழுவாமல் ஒட்டுவது எப்படி? வீட்டில் பராமரிப்பவர்களுக்கான செய்முறை

பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களையும் வீட்டுக்கு அனுப்பும்போது, பல நேரங்களில் மூக்கில் உணவுக் குழாயும் கீழே சிறுநீர்க் குழாயும் இருக்கும். கஞ்சி எவ்வளவு ஊற்ற வேண்டும், பையை எப்போது காலி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். குழாயைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்திரியைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே எழாது. சில நாளில் அது வியர்வையில் வழுக்கத் தொடங்கும். அதன் மேல் இன்னொன்று ஒட்டுவார்கள், அதன் மேல் மற்றொன்று. கடைசியில் முகத்தில் பாதி பிளாஸ்திரியாக இருக்கும். குழாய் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். குழாய் உருவிக்கொண்டு வந்த வீடுகளில் பிளாஸ்திரி குறைவாக இருந்து நான் பார்த்தது அரிது. ஒட்டிய இடமும் ஒட்டிய விதமும்தான் தவறாக இருக்கும். இரண்டையும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டு குழாய், இரண்டு குணம்

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் குழாய், 1921-இல் அதை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் ரைல் பெயரால் அழைக்கப்படுகிறது. உடம்புக்குள் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வெளியே இருக்கும் பிளாஸ்திரிதான் அதன் ஒரே பிடி. அது விட்டால் குழாய் வரும்.

சிறுநீர்க் குழாயான ஃபோலி கத்தீட்டர் அப்படியல்ல. சிறுநீர்ப்பைக்குள் போனதும் அதன் நுனியில் உள்ள சிறிய பலூனில், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10 மில்லி அளவு, சுத்திகரித்த நீரை ஏற்றுவார்கள். பலூன் இருக்கிறதே, வெளியே எதற்குப் பிளாஸ்திரி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பையில் ஒரு லிட்டர் சேர்ந்தால் ஒரு கிலோ எடை. அது தொங்கி இழுக்கும்போது, பலூன் சிறுநீர்ப்பையின் வாயில் போய் அழுத்தும். வேகமாக இழுபட்டால் ஊதிய பலூனோடு வெளியே வந்து சிறுநீர்ப்பாதையைக் கிழித்துவிடும். எனவே எந்த இழுப்பும் தொடைத் தோலோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போகக்கூடாது.

என்ன வாங்க வேண்டும்?

மூக்குக்கு நீளும் தன்மையுள்ள துணிப் பிளாஸ்திரி நல்லது. மருந்துக்கடையில் டைனாபிளாஸ்ட் என்று கேட்டால் தருவார்கள். அகலமான சுருளாக இருக்கும், வெட்டிக்கொள்ளலாம். தோல் மிக மெலிந்து, தொட்டாலே உரியும் முதியவர்களுக்கு மைக்ரோபோர் காகிதப் பிளாஸ்திரி போதும்; ஆனால் ஈரம் பட்டால் அது சீக்கிரம் விடும், அடிக்கடி பார்க்க வேண்டும்.

கிளிப் வைத்த தயார்நிலை ஒட்டிகளும் கிடைக்கின்றன. மூக்குக்கு அவை அவசியம் என்று நான் நினைக்கவில்லை. நன்றாக வெட்டிய பிளாஸ்திரியே போதும். தொடைக்கு முடிந்தால் வாங்குங்கள். தொடை அசையும், வியர்க்கும். ஸ்டாட்லாக் போன்றவற்றில் தோலில் ஒட்டும் அட்டையின் மேல் கிளிப் திரும்பிக் கொடுப்பதால் குழாய் முறுக்கிக்கொள்வதில்லை. அந்த விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு வெல்க்ரோ பட்டை இருக்கிறது.

மூக்குக் குழாயை ஒட்டும் முறை

உணவு கொடுப்பதற்கு முன்பு செய்யுங்கள், வயிறு நிறைந்திருக்கும்போது வேண்டாம். தலைப்பக்கம் உயர்த்திச் சாய்வாக உட்கார வையுங்கள். இருவர் இருந்தால் நல்லது.

முதல் வேலை அடையாளம். சில குழாய்களில் சென்டிமீட்டர் எண் இருக்கும், சிலவற்றில் கோடுகள் மட்டுமே இருக்கும். எதுவானாலும், மூக்குத் துவாரத்தை ஒட்டிய இடத்தில் அழியாத மை பேனாவால் குழாயில் ஒரு வளையம் போடுங்கள். வெளியே இருக்கும் நீளத்தையும் அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். இனி குழாய் நகர்ந்ததா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

அடுத்து, ஒருவர் மூக்கருகே குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிய பிளாஸ்திரி ஒட்டி முடியும் வரை அந்த விரல்கள் எடுபடக்கூடாது. இந்தக் கட்டத்தில்தான் குழாய்கள் அதிகம் நழுவுகின்றன. நோயாளி தும்மினால் போதும்.

பழைய பிளாஸ்திரியை மேல்நோக்கிப் பிய்க்காதீர்கள். ஓரத்தில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஓரிரு நிமிடம் விட்டு, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, பிளாஸ்திரியைத் தோலோடு படுத்தவாறு மடித்து மெதுவாக உரியுங்கள். நோயாளிக்கு ஆக்சிஜன் வைத்திருந்தால் எண்ணெய் வேண்டாம், ஆக்சிஜன் அருகே அது தீப்பிடிக்கும் பொருள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியே போதும்.

பின்பு சோப்பு நீர் தொட்ட துணியால் மூக்கைத் துடைத்து, வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலர விடுங்கள். நம் வீடுகளில் குளிப்பாட்டியதும் முகத்தில் எண்ணெயும் பவுடரும் பூசும் பழக்கம் உண்டு. அன்போடு செய்வதுதான், ஆனால் இரண்டில் எது இருந்தாலும் எந்தப் பிளாஸ்திரியும் நிற்காது.

தோல் வெறுமையாக இருக்கும் இந்த நேரத்தில் மூக்கின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கெட்டியாகவோ சூடாகவோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள்.

பிளாஸ்திரியை 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். ஒரு முனையிலிருந்து பாதி நீளம் வரை நடுவில் கீறினால் கால்சட்டை போல இரண்டு கால் கிடைக்கும். எல்லா மூலைகளையும் வட்டமாக நறுக்குங்கள், கூர்மையான மூலைதான் முதலில் கிளம்பும்.

கீறாத பகுதியை மூக்குத் தண்டில் ஒட்டி, அரை நிமிடம் விரல் சூடு படும்படி அழுத்துங்கள். கீறல் மூக்கின் நுனியில் தொடங்க வேண்டும். இப்போது ஒரு காலைக் குழாயைச் சுற்றிக் கீழ்நோக்கிச் சுழற்றி ஒட்டுங்கள், மற்றொன்றை எதிர்த்திசையில். கடைசி அரை சென்டிமீட்டரைத் தன்மேலேயே மடித்துவிட்டால், அடுத்த முறை உரிக்கப் பிடி கிடைக்கும்.

குழாய் துவாரத்தின் நடுவில், எந்த விளிம்பையும் தொடாமல் நேராகக் கீழே வர வேண்டும். நெற்றியை நோக்கி வளைத்து ஒட்டுவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் மூக்கின் மேல் விளிம்பு இரவும் பகலும் நசுங்கும். புண் வருவது அங்கேதான்.

இரண்டாவது பிடி கன்னத்தில். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே குழாயைச் சற்றுத் தொய்வாக விட்டு, தாடை எலும்புக்கு மேலே சிறு பட்டையால் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். குழாயைத் தோலில் படுக்க வைத்து மேலே ஒட்டினால் அடியில் அழுத்தும். பட்டையைக் குழாயின் கீழே ஒருமுறை சுற்றி, பிறகு இரு பக்கமும் தோலில் ஒட்டினால் குழாய் தோலிலிருந்து சற்று விலகி நிற்கும். இழுபட்டால் முதலில் தொய்வு நிமிரும், பிறகு கன்னம் தாங்கும், மூக்குக்கு ஒன்றும் போகாது. குழாய் கண்ணில் படாமல் காதுப்பக்கம் போவதால், மறதி நோய் உள்ளவர்கள் கையால் பறிப்பதும் குறையும்.

தினமும் பாருங்கள், ஓரம் கிளம்பினாலோ நனைந்தாலோ அன்றே மாற்றுங்கள். பழையதன் மேல் புதியதை ஒட்ட வேண்டாம்.

ஊற்றுவதற்கு முன்

ஒவ்வொரு வேளையும் மை வளையத்தைப் பார்த்த பிறகே சிரிஞ்சை எடுங்கள். வளையம் மூக்கை விட்டு வெளியே வந்திருந்தால் எதுவும் ஊற்றக்கூடாது, தண்ணீர்கூட. குழாயை உள்ளே தள்ளவும் கூடாது. நுனி உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ இருக்கலாம். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். நுனி நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கலாம். வளையம் சரியாக இருந்தும் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

சிறுநீர்க் குழாயைத் தொடையில் பொருத்துதல்

குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் பிடிப்பு விழ வேண்டும். பிரியும் கிளைகளில் ஒன்று பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் வாய். அதன் மேல் ஒட்டாதீர்கள், அவசரத்தில் செவிலியருக்கு அந்த வாய் வேண்டும்.

பெண்களுக்குத் தொடையின் உட்புறத்திலும், ஆண்களுக்குத் தொடையின் மேற்பகுதியில் அல்லது அடிவயிற்றிலும் பொருத்தலாம். நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் ஆண்களுக்கு அடிவயிறு நல்லது. ஆணுறுப்பின் அடியில் குழாய் அழுத்திப் புண்ணாவது குறையும். ஒட்டுவதற்கு முன் காலை முழுவதும் அகட்டியும் மடக்கியும் பாருங்கள். எந்த நிலையிலும் குழாய் விறைக்கக்கூடாது, அந்த அளவு தொய்வு விடுங்கள். முடி அதிகம் இருந்தால் கத்தரியால் நறுக்குங்கள், சவரம் வேண்டாம். வெல்க்ரோ பட்டையானால் அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் வீங்கியவர்களுக்குப் பட்டையே கூடாது.

தோல் ஓய்வெடுக்கக் காலை மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். ஆண்களுக்குச் சுத்தம் செய்து முடித்ததும் முன்தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது; பின்னாலேயே விட்டால் வீங்கி ரத்த ஓட்டம் தடைபடும்.

பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் இருக்க வேண்டும். நோயாளியைப் புரட்டும்போது முதலில் பையைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் திரும்பும் பக்கம் மாட்டுங்கள், பிறகு ஆளைத் திருப்புங்கள். வரிசை மாறினால் இழுபடும்.

யாரை, எப்போது அழைப்பது?

சிறுநீரில் ரத்தம், அடிவயிறு உப்பிப் பையில் எதுவும் இறங்காமை, காய்ச்சல், உருவி வந்த குழாய் ஆகியவற்றில் எது நடந்தாலும் உங்கள் மருத்துவமனையை அழையுங்கள். உணவு கொடுக்கும்போது மூச்சுத்திணறினால் 108. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பதிந்து வையுங்கள். தொலைபேசியில் அவர்கள் கேட்கப்போவது குழாய் போட்ட தேதி, அதன் அளவு எண், மூக்குக்கு வெளியே உள்ள நீளம், பலூனில் ஏற்றிய நீரின் மில்லி. நான்கையும் கட்டிலருகே ஒட்டிய அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.