ஃபிளாட்டுப் பூனைக்குச் சாப்பாட்டுப் புதிர்: பணியாரச் சட்டியில் தொடங்கி பாட்டில் வரை

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை ஒரு கிண்ணம் டிரை ஃபுட்டை இரண்டு மூன்று நிமிடத்தில் காலி செய்துவிடும். மீதி நேரம் தூக்கம், அலுப்பு, விடியற்காலை நாலு மணிக்கு நம் கால்விரலைக் கடிப்பது. வெளியில் இரை தேடும் பூனையின் நாள் வேறு மாதிரி. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கிலோகலோரிதான் தேறும் என்பதால் அது நாள் முழுக்கச் சின்னச் சின்னதாகப் பலமுறை வேட்டையாடியாக வேண்டும். அந்தத் தேடலில் கொஞ்சத்தை வீட்டுக்குள் கொண்டுவரத்தான் ஃபுட் பஸில், அதாவது பூனை தட்டியோ துழாவியோ தீனியை எடுக்க வேண்டிய சாமான். கடையில் வாங்க அவசரமே இல்லை. முதல் மாதத்துக்குச் சமையலறையில் இருப்பதே போதும்.

எலி, புறா போன்றவை சும்மா கிடைக்கும் தீனி பக்கத்தில் இருந்தாலும் உழைத்துப் பெறும் தீனியைத் தேடிப் போவதை ஆய்வாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். பூனை அந்தச் சாதி இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 17 வீட்டுப் பூனைகளுக்குத் தட்டில் ஒரு பங்கும் பஸிலில் ஒரு பங்கும் வைத்துப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான பூனைகள் தட்டிலிருந்தே அதிகம் சாப்பிட்டன. அதனால் நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் பஸிலை வைத்துவிட்டு "எங்க பூனைக்கு இதெல்லாம் பிடிக்கல" என்று சொல்வதில் அர்த்தமில்லை. முதல் பஸில் கிண்ணத்தைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும், முதல் தடவையே பூனை ஜெயிக்க வேண்டும்.

அதற்காகப் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். ஓரிரு நாள் சாப்பிடாவிட்டாலே பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் பஸிலை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இன்சுலின் போடும் பூனை, பல்வலி உள்ள பூனை, நோயிலிருந்து தேறிவரும் பூனைக்கு டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அளவு

கருத்தடை செய்த, 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி. பெரும்பாலான டிரை ஃபுட்டில் 100 கிராமுக்கு 350 முதல் 400 வரை இருக்கும். ஆக 50–57 கிராம். சரியான கணக்குக்குப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கப்பில் அளந்தால் பத்து கிராம் கூடுவதும் குறைவதும் தெரியாது. ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசுதான் இந்த வேலைக்கு நான் வாங்கச் சொல்லும் ஒரே சாமான். காலையிலேயே முழு நாளுக்கும் எடைபோட்டு மூடி வைத்துவிடுங்கள். முதல் வாரம் கால் பங்கு பஸிலில், முக்கால் பங்கு வழக்கமான கிண்ணத்தில். பஸிலில் போடுவது இந்தக் கணக்குக்குள்ளேயே வர வேண்டும். கூடுதல் தீனியாகப் போட்டால் ஆறு மாதத்தில் தொப்பை.

முதல் படி: குழிப்பணியாரச் சட்டி

முட்டை அட்டையைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். நம் ஊர்க் கடை முட்டையில் கோழி எச்சம் ஒட்டியிருக்கும், அது அட்டையிலும் படிந்திருக்கும். வேண்டாம். பணியாரச் சட்டி கனமானது, எளிதில் நகராது, கழுவலாம். துருப்பிடித்ததாகவோ மசாலா எண்ணெய் ஊறியதாகவோ இருக்கக் கூடாது. பூனைக்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது. ஆடாமலிருக்க அடியில் ஒரு மிதியடி.

குழிக்கு மூன்று நான்கு டிரை ஃபுட் பருக்கை. முதல் நாள் அவ்வளவுதான், மூடி எதுவும் கிடையாது. மாலையில், வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், அது எப்போதும் சாப்பிடும் இடத்திலேயே வையுங்கள். மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டுவதில் பயனில்லை: 25 செ.மீ.க்கும் கிட்டத்தில் இருப்பது பூனைக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது, அங்கே அது வாசனையையும் மீசையையும்தான் நம்பும். கவனிக்காமல் போனால் உப்பில்லாமல் வேகவைத்த மீனில் ஒரு சிட்டிகை உதிர்த்துப் போடுங்கள். கருவாடு போடாதீர்கள், உப்பு அதிகம்.

எல்லாக் குழியும் காலியாகத் தொடங்கியதும் இரண்டு குழியின் மேல் மட்டும் பிங்பாங் பந்து. 40 மி.மீ. பந்து பணியாரக் குழியில் லேசாக உட்கார்ந்துகொள்ளும், தட்டினால் எழும்பிவிடும். இட்லித் தட்டின் அகலக் குழியில் அது நிற்காது. பந்துக்குப் பதில் எலுமிச்சம்பழம் வைத்துவிடாதீர்கள். அந்த வாசனைக்கே பல பூனைகள் தூர ஓடும். வாரக் கடைசியில் எல்லாக் குழிக்கும் பந்து.

இரண்டாம் படி: டப்பா

பார்சல் வரும் 500 மி.லி. பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் 4 செ.மீ. துளை மூன்று நான்கு. பூனை கையை விட்டு எடுக்கும். துளையைப் பெரிதாக்கி உதவுவதாக நினைக்க வேண்டாம்; 6–8 செ.மீ. ஆனால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். குட்டியின் தலை இன்னும் சிறியது என்பதால் அதற்குப் பணியாரச் சட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உருளும் பாட்டில்

பலர் தோற்பது இங்கேதான், காரணம் பெரும்பாலும் துளை.

தண்ணீர் பாட்டில் மெலிசு, ஒரு கடியில் நசுங்கும். வரிவரியாக மடிப்புள்ள பாட்டிலில் பருக்கை மடிப்பிலேயே தங்கிவிடும். 500 மி.லி. கூல் டிரிங்க்ஸ் பாட்டிலே சரி. தடிமனானது, நடுப்பகுதி வழவழப்பானது. சர்க்கரை போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கழுத்தில் மூடிக்குக் கீழே நிற்கும் பிளாஸ்டிக் வளையத்தைக் கட்டாயம் வெட்டி எடுத்துவிடுங்கள். கழன்றால் விழுங்கிவிடும்.

இப்போது உங்கள் பருக்கையை ஸ்கேலில் வைத்து அளங்கள். அகலமான பக்கத்தை. முக்கோணம், வளையம், மீன் வடிவம் என்று இருப்பவற்றில் நாம் குறுகிய பக்கத்தைப் பார்த்துத் துளை போட்டுவிடுவோம், அவை துளையில் குறுக்காக நின்று அடைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் துளை பருக்கையின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, 10 மி.மீ. பருக்கைக்கு 20 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் பெரும்பாலும் அடைப்புதான்.

மூன்று துளை போதும், ஆனால் ஒரே வரிசையில் வேண்டாம். ஒரே வரிசையானால் துளை மேல்பக்கம் பார்த்தபடி பாட்டில் நின்றுவிடும், பூனை தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பாட்டிலைச் சுற்றி மூன்று திசையில், ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று நடுவில், ஒன்று அடிப்பக்கம்.

கத்தி, காம்பஸ் முனை, கத்தரிக்கோல் மூன்றுமே எனக்குப் பிடிக்காது. விளிம்பில் விரிசல் ஓடும், பிசிறு உள்பக்கம் பார்த்து நிற்கும். கையை விட்டு இழுக்கும் பூனையின் பாதத்தை அது கிழிக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயப் பற்றுவைக்கும் சூட்டுக்கோல்) நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வட்டக் கோட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். உருகிய பிளாஸ்டிக் விளிம்பில் தடித்து உருண்டுவிடும், அதுவே பாதுகாப்பு. அது இல்லாதவர்கள் ஆணியைக் குறடால் பிடித்து அடுப்பில் காய்ச்சிச் செய்யலாம், நேரம் பிடிக்கும். ஆறியபின் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, உங்கள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். நெருடினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

முதல் தடவை அன்றைய கணக்குக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாட்டிலில் போடுங்கள். நிறைய இருந்தால் லேசாக அசைத்தாலே விழும், குறையக் குறையக் கஷ்டம். பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். கடினமாக்க டேப் ஒட்டித் துளையைச் சிறிதாக்காதீர்கள், கடித்துப் பிய்க்கும். 15 மி.மீ. துளையுடன் இன்னொரு பாட்டில் செய்துகொள்ளுங்கள். நூல், ரப்பர் பேண்ட் கட்டித் தொங்கவிடுவதும் கூடாது. விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி அறுத்துவிடும்.

ஒரு நிமிடம் தட்டிவிட்டு வாலைத் தரையில் அடித்தபடி விலகிப் போனால் அது சோம்பல் இல்லை, எரிச்சல். ஒரு படி பின்னால் வாருங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

எறும்பு. இதுதான் அதிகம் வந்த கேள்வி. பஸிலை 30 நிமிடத்துக்கு மேல் தரையில் விடாதீர்கள். பணியாரச் சட்டியைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம். எறும்புச் சாக்பீஸ் கோடு போடவே வேண்டாம். அதிலிருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. பூனையின் உடலால் அதை எளிதில் முறிக்க முடியாது, பாதத்தில் ஒட்டியதை அது நக்கியும் விடும்.

டைல்ஸ் தரையில் பாட்டில் வழுக்கிப் பீரோவுக்கு அடியில் போகிறது என்றால் பழைய ஜமுக்காளம் விரியுங்கள், சத்தமும் குறையும். கீழ்வீட்டுக்காரர் உள்ள ஃபிளாட்டில் இரவு பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, ஐந்து சிறு தட்டுகளில் ஐந்தைந்து பருக்கை போட்டு வீட்டில் ஒளித்து வைப்பது என் தேர்வு: ஜன்னல் திட்டு, நாற்காலி, ஷெல்ஃப். வயதான பூனைக்கு எல்லாம் தரைமட்டத்தில். எங்கெங்கே வைத்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், மீந்ததைக் காலையில் எறும்புக்கு முன்னால் நீங்கள் எடுக்க வேண்டும்.

இரண்டு பூனை இருந்தால் இரண்டு பஸில், இரண்டு அறை, நடுவில் கதவு. ஒரே அறையில் வைத்தால் ஒன்று உழைக்கும், மற்றது தின்னும்.

வெட் ஃபுட்டை பணியாரக் குழியில் மெல்லிசாகத் தடவலாம். நம் வெயிலுக்கு அரை மணிக்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும். டிரை ஃபுட் பாட்டிலுக்கு வாரம் இரண்டு முறை சோப்புக் கழுவல். ஈரம் முழுக்கக் காயாமல் நிரப்பினால் பருக்கை ஊறி உள்ளே ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் எண்ணெய்ச் சிக்கு வாடை ஏறிவிட்டாலோ கடித்த தடம் ஆழமாக விழுந்தாலோ தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டிலில் துளை போடுங்கள்.