கதவு திறந்தால் திக்கும் ஆட்டம்: என் அனுபவம்

கேம்கியூப் என்ற நின்டெண்டோ கன்சோலின் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரில் மெட்ராய்டு பிரைம் ஆடத் தொடங்கிய அன்றே தொல்லை. புது அறைக்கான கதவு திறக்கும். படம் ஒரு கணம் உறையும், சத்தம் கரகரக்கும். திரும்பி வந்து அதே கதவில் நுழைந்தால் ஒரு தடங்கலும் இல்லை. அதைக் கவனித்த பிறகுதான் பிடி கிடைத்தது: கணினிக்கு வேகம் போதாமல் இல்லை, ஷேடர், அதாவது படத்துக்கு நிறம் கணக்கிடும் சிறு நிரல், அப்போதுதான் கம்பைல் ஆகிறது (கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும் வடிவுக்கு மாறுகிறது).

கேம்கியூபின் ஜிபியுவுக்கு (படம் வரையும் சில்லுக்கு) இந்த வேலையே கிடையாது. ஆட்டம் கேட்கும் நிறக்கலவையை அந்தந்த நொடியே மாற்றிக்கொள்ளும். நம் கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்கோ ஒவ்வொரு புதுக் கலவைக்கும் தனி ஷேடர் வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. கம்பைல் அதைத் தாண்டினால் திக்கல்தான்.

டால்ஃபினின் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தில் ஷேடர் கம்பைலேஷனை 'ஹைப்ரிட் உபர்ஷேடர்ஸ்' ஆக்கினேன். 2017இல் வந்த அருமையான வசதி: எல்லாக் கலவையையும் சமாளிக்கும் ஒரு பெரிய ஷேடர் முதலில் படத்தை வரைந்துவிடும், தனி ஷேடர் பின்னணியில் தயாராகும். கூடவே, ஆட்டம் தொடங்கும் முன்பே ஷேடர்களைக் கம்பைல் செய்யும் பெட்டியிலும் டிக் போட்டேன். ஷேடர் தயாராகும்வரை பொருளை வரையாமல் விடும் 'ஸ்கிப் டிராயிங்' மட்டும் வேண்டாம். பொருள்கள் கணநேரம் காணாமல் போகும், எனக்கு அது திக்கலைவிட எரிச்சல்.

இப்போது கதவு திறக்கிறது, சத்தம் அறுவதில்லை.