ஜப்பானியப் பழைய காருக்குக் கலிஃபோர்னியாவில் டைட்டில் வாங்குவது எப்படி?

1972-இல் தயாரான நிஸான் ஃபேர்லேடி இசட் ஒன்றை ஜப்பானில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது லாங் பீச் துறைமுகத்தில் இறங்கி, கலிஃபோர்னியாவில் டைட்டிலோடு (உரிமைச் சான்று) உங்கள் பெயருக்கு வர வேண்டும். பாதி வேலை ஜப்பானிலேயே முடிந்துவிடும், அங்கே காகிதங்களைச் சரியாகப் பார்த்திருந்தால்.

1. முதலில் வயது

அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குப் பெற, வண்டி தயாராகி 25 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். மாடல் ஆண்டு செல்லாது, தயாரித்த மாதம் வரை கணக்கு உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் புகை விதிக்கு 21 ஆண்டுகள் போதும், எஞ்சின் மாற்றப்படாமல் இருந்தால்.

கலிஃபோர்னியா கணக்கு வேறு. 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் (புகை) சோதனை கிடையாது. 1989 ஸ்கைலைன் ஜிடி-ஆர் மேல் ஆசை என்றால், நாட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் இங்கே பதிவாக, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் புகைச் சோதனையில் அது தேற வேண்டும். செலவு கையைக் கடிக்கும். முதல் வண்டிக்கு அந்த வழி வேண்டாம்.

2. ஜப்பான் காகிதங்கள்

ஏற்றுமதிக்கான பதிவு நீக்கச் சான்றிதழின் அசலைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டு ஜப்பானியக் கணக்கில் 'ஷோவா 47' என்று இருக்கும். அதோடு 1925-ஐக் கூட்டினால் 1972. அது முதல் பதிவின் தேதிதான். 25 ஆண்டு எல்லையை ஒட்டிய வண்டி என்றால், தயாரித்த மாதத்துக்குத் தனி ஆதாரம் தேவை.

அப்புறம் சேஸிஸ் எண், அதாவது வண்டியின் அடையாள எண். 17 இலக்க எண் அமெரிக்காவில் கட்டாயமானது 1981 மாடலிலிருந்துதான். இந்த வண்டியில் S30 என்பதோடு ஒரு கோடும் சில இலக்கங்களும் மட்டுமே இருக்கும். எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வாலில் (எஞ்சினையும் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தகடு) பொறித்திருப்பதை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, விற்பனை ரசீது மூன்றிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். என் நண்பரின் மொழிபெயர்ப்பில் 3-க்குப் பதில் 8 விழுந்திருந்தது. வண்டி வீட்டு வாசலில் நிற்க, காகிதம் திரும்பத் திரும்ப அலைந்தது.

3. கப்பலும் கஸ்டம்ஸும்

கஸ்டம்ஸ் புரோக்கர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கன்டெய்னரில் வந்தால், கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐ.எஸ்.எஃப். என்ற சரக்கு முன்தகவலைத் தாக்கல் செய்ய வேண்டும். வந்து இறங்கியதும் 25 ஆண்டு விலக்குக்கு ஹெச்.எஸ்-7 படிவத்தில் முதல் கட்டம், 21 ஆண்டு விலக்குக்கு இ.பி.ஏ. 3520-1 படிவத்தில் 'இ' குறியீடு. காருக்கான அடிப்படைத் தீர்வை 2.5 சதவீதம். மற்ற தீர்வைகள் அடிக்கடி மாறுவதால், அனுப்பும் முன் புரோக்கரிடம் கேளுங்கள். எல்லாம் முடிந்ததும் கஸ்டம்ஸின் 7501 படிவத்தின் பிரதியை மறக்காமல் வாங்கி வையுங்கள். கலிஃபோர்னியாவின் வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி. அதைக் கேட்கும்.

4. டி.எம்.வி.

ரெக் 343 விண்ணப்பம், விற்பனை ரசீது, ஜப்பான் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, கஸ்டம்ஸ் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். வண்டியை நேரில் சரிபார்த்து ரெக் 31 படிவத்தை நிரப்புவார்கள். பிளேட் இல்லாத வண்டியை ஓட்டிப் போக முடியாது. யார், எங்கே சரிபார்ப்பார்கள் என்று டி.எம்.வி.யிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய விலைக்கு யூஸ் டாக்ஸும் (விற்பனை வரிக்கு ஈடான வரி) உண்டு.

கவுன்டரில் இருப்பவர் 17 இலக்கம் கேட்டால் பதறாதீர்கள். ஃபயர்வால் ஃபோட்டோவைக் காட்டி, 1981-க்கு முந்தைய வண்டி என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

டைட்டில் தபாலில் வரும். உறையைப் பிரித்ததும், அந்த ஃபோட்டோவைப் பக்கத்தில் வைத்து எண்ணை இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.