ஷிப்ட் வேலை வீட்டில் குடும்ப ஜெபம்

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இரவு எட்டு மணி ஜெபம் பாதி நாள் நடக்காது. சின்னவள் வாசலையே பார்ப்பாள், பெரியவன் எரிந்து விழுவான்.

ஜெபத்தை மணிக்குக் கட்டாமல், நாலு பேரும் சேர்ந்து சாப்பிடும் வேளைக்கு மாற்றினோம். காலை இட்லி நேரமானாலும் சரி. ஒரு கீர்த்தனை, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் சில வசனங்கள், ஆளுக்கொரு வரி ஜெபம். நீட்டினால் பிள்ளைகள் நெளிவார்கள். நம்ம ஊர் வெயிலில் பெரியவர்களே நெளிவோம்! டூட்டி அட்டவணையைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டோம். நைட் டூட்டி நாட்களுக்குச் சின்னவளே நீலம் தீட்டுகிறாள். அம்மா எப்போது வருவாள் என்ற கேள்வி குறைந்தது.

ஜெபத்தில் பரீட்சை மார்க், சேட்டை எதையும் இழுப்பதில்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று வேதாகமத்தில் கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. கண்டிக்க வேண்டியதைப் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.