கால்டெக், ரைஸ் போன்ற சிறிய பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்துவர விரும்புவோருக்கு

சிங்கப்பூரில் இருக்கும் என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் பற்றிக் கேட்க நமக்கு ஆள் உண்டு. அண்ணன் படித்திருப்பார், அத்தை மகள் படித்துக்கொண்டிருப்பாள். ஜேசியில், அதாவது தொடக்கக் கல்லூரியில், இருக்கும் பிள்ளை ஒருநாள் "கால்டெக்" என்றோ "ரைஸ்" என்றோ சொன்னால்தான் யாரைக் கேட்பது என்று விழிக்கிறோம். அமெரிக்காவின் சிறிய தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தை முதன்முறையாக எடைபோடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அங்கே இளநிலை மாணவருக்கு ஆய்வகக் கதவு உண்மையிலேயே திறக்கிறதா என்பதுதான். மற்றதெல்லாம் அதன் பிறகு.

படி 1: தனியார் என்றதும் தயங்காதீர்கள்

இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதபோது தனியார் பக்கம் போகிறோம். இந்தியாவில் தனியார் கல்லூரி என்றால் நன்கொடை ஞாபகம் வரும். அமெரிக்காவின் நல்ல தனியார் பல்கலைக்கழகங்கள் லாப நோக்கமில்லாதவை. அறக்கொடையாக வந்த பெரும் நிதியும் அவற்றுக்குக் கைகொடுக்கிறது. ஹியூஸ்டனில் 1912இல் திறக்கப்பட்ட ரைஸ், 1960களின் நடுப்பகுதி வரை கல்விக் கட்டணமே வாங்கவில்லை.

படி 2: சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

கலிஃபோர்னியாவில் இருக்கும் கால்டெக்கில் இளநிலை மாணவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். நம் ஜேசிகள் பலவற்றில் அதைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் அங்கே இளநிலை மாணவர்களைவிட அதிகம். ரைஸ் கொஞ்சம் பெரியது, இளநிலையில் ஏறத்தாழ 5,000 பேர்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் பேராசிரியருக்கு உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்கும். ஆனால் பாடத் தேர்வும் குறையும். சில மேல்நிலைப் பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும். பாடப் பட்டியலை இணையத்தில் எடுத்து, பிள்ளைக்குப் பிடித்த துறையில் இந்த ஆண்டும் போன ஆண்டும் என்னென்ன நடந்தன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கால்டெக்கில் எந்தத் துறையை எடுத்தாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடிப்படைப் பாடங்களை எல்லாரும் படித்தாக வேண்டும். இயற்பியல் பிடிக்காத பிள்ளையை அந்தப் பெயருக்காக அங்கே அனுப்புவது கொடுமை. கட்டடக் கலையும் இசையும் பிடித்த பிள்ளைக்கு ரைஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பள்ளிகள் உண்டு.

படி 3: காமன் டேட்டா செட்டைத் தேடுங்கள்

பல்கலைக்கழகத்தின் பெயரோடு "காமன் டேட்டா செட்" (Common Data Set) என்று தேடினால், சேர்க்கை, வகுப்பு, நிதி உதவி விவரங்களைப் பொதுவான ஒரு வடிவில் தரும் நீளமான ஆவணம் கிடைக்கும். விளம்பர ஏடுகளைவிட இதைத்தான் நம்புவேன். அதில் மூன்று பகுதிகளைப் பார்த்தால் போதும். சி7: விண்ணப்பத்தில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று இருக்கும், விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கிறார்களா என்பதும் அதில்தான். ஐ3: எத்தனை வகுப்புகளில் எத்தனை மாணவர்கள் என்ற அட்டவணை. எச்6: வெளிநாட்டு மாணவருக்கு நிதி உதவி உண்டா என்ற விவரம்.

படி 4: பணமும் தேசிய சேவையும்

கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இத்தகைய இடங்களில் ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். நிதி உதவி கேட்பது வெளிநாட்டு மாணவரின் சேர்க்கை முடிவைப் பாதிக்குமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். பல இடங்களில் பாதிக்கும். பிள்ளையிடம் கனவைப் பேசுவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் இந்தக் கணக்கைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

மகனாக இருந்தால் இன்னொன்று: ஜேசி இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பித்து இடம் கிடைத்தால், ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவை முடியும்வரை இரண்டு ஆண்டுகள் அந்த இடத்தைப் பிடித்து வைப்பார்களா? பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: எப்போது போவது

இதில்தான் நம் பள்ளி விடுமுறை நம்மை ஏமாற்றும். ஜூன் விடுமுறையில் அங்கே பெரும்பாலும் வளாகம் காலி. வசந்தப் பருவம் பல இடங்களில் மே மாதத்தோடு முடிந்துவிடும், கால்டெக்கில் ஜூன் நடுவில் முடியும். மார்ச் விடுமுறை வாரத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கும் விடுமுறை. செப்டம்பர் விடுமுறையில் ரைஸில் வகுப்பு நடக்கும், கால்டெக்கில் நடக்காது. அங்கே பருவம் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். ஜேசி முதலாண்டு மாணவருக்கு நான் சொல்வது நவம்பர் கடைசியில் கிளம்புவதுதான். நவம்பர் நான்காவது வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள், அந்த வாரக் கடைசியில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த திங்கள் தொடங்கி சில நாள்கள் பெரும்பாலான இடங்களில் வகுப்புகள் நடக்கும், பிறகு தேர்வு வந்துவிடும். டிக்கெட் எடுக்குமுன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியைப் பாருங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் விசா வேண்டாம், இணையத்தில் வாங்கும் எஸ்டா பயண அனுமதி போதும். இந்தியக் கடப்பிதழுடன் நிரந்தரவாசியாக இருப்பவர்களுக்கு விசா வேண்டும். நேப்பியர் சாலையில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் நாள் கிடைக்கத் தாமதமாகலாம், அதை முதலில் கவனியுங்கள்.

படி 6: வளாகத்தில்

தகவல் கூட்டத்துக்கும் மாணவர் நடத்தும் சுற்றுக்கும் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். வகுப்பில் உட்கார அனுமதி உண்டா என்று இரண்டு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். பிள்ளைக்குப் பிடித்த துறையின் அலுவலகத்துக்குப் பிள்ளையே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சுற்று முடிந்ததும் பிள்ளையைத் தனியாக விடுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் அங்குள்ள மாணவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பிள்ளை கேட்க வேண்டியவை: ஆய்வகத்தில் எந்த ஆண்டு சேர்ந்தீர்கள்? எப்படிக் கேட்டு இடம் வாங்கினீர்கள்? சம்பளம் உண்டா? உங்களுக்குச் சொல்லித்தருவது பேராசிரியரா, முனைவர் பட்ட மாணவரா? பாடம் தலைக்கு மேல் போனபோது யாரிடம் போனீர்கள்?

கால்டெக்கில் கோடைக்கால ஆய்வுத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. பத்து வாரம் ஆய்வு, அதற்கு உதவித்தொகை. நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தை நடத்துவதும் கால்டெக்தான். ரைஸுக்குச் சாலையைத் தாண்டினால் டெக்சஸ் மருத்துவ மையம். பேருக்குப் பக்கத்தில் இருப்பதா, மாணவர்கள் உள்ளே போய் வேலை செய்கிறார்களா என்பதை அங்கே படிப்பவர்தான் சொல்ல முடியும்.

மதியம் மாணவர் உணவகத்திலேயே சாப்பிடுங்கள். சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு நான்கு ஆண்டும் அதுதான் சமையலறை. அன்றிரவே பிள்ளை தன் குறிப்புகளை எழுதி வைக்கட்டும். மூன்று வளாகம் பார்த்தபின் எல்லாம் கலந்துவிடும்.

போக வசதியில்லை என்றால் வருந்த வேண்டாம். இணையவழித் தகவல் கூட்டங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மாலை 4 மணிக்கு நடப்பது நமக்கு மறுநாள் காலை 7 அல்லது 8 மணி. அதில் சேர்ந்து, மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேட்கலாம்.