தளத்தை வேறு பிளாட்ஃபார்முக்கு மாற்றும்போது கூகுள் ரேங்க் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கோ, வேர்ட்பிரஸிலிருந்து ஷாப்பிஃபைக்கோ போகப் போகிறீர்கள் என்றால், தீம் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு பழைய முகவரிகளை முதலில் கவனியுங்கள். கூகுள் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் யூஆர்எல்லை, அதாவது இணைய முகவரியை வைத்துத்தான் தெரிந்து வைத்திருக்கிறது, வெளியிலிருந்து வந்து சேர்ந்த லிங்குகளும் அந்த யூஆர்எல்லுக்குத்தான் வந்திருக்கின்றன. பிளாட்ஃபார்ம் மாறினால் அது பெரும்பாலும் மாறிவிடும். பிளாக்கரில் வருடம், மாதம், கடைசியில் எச்டிஎம்எல் என்று வரும். ஷாப்பிஃபையில் பொருள்களின் பக்கங்கள் ‘புராடக்ட்ஸ்’ என்ற சொல்லுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும், நீங்கள் விரும்பினாலும் மாற்ற விடாது.

பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ள வழியிருந்தால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸில் முகவரி வடிவத்தைத் தீர்மானிக்கும் பெர்மாலிங்க் அமைப்பில் பிளாக்கர் பாணியையே கொண்டுவந்துவிடலாம். வழியில்லை என்றால் பழைய முகவரிகளைப் பட்டியல் போட உட்கார வேண்டியதுதான், அதையும் பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல்) இருப்பதை மட்டும் எடுத்தால் போதாது. தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு கிடைக்கும், ஆனால் அங்கிருந்து இறக்கும்போது 1,000 வரிகளோடு நின்றுவிடும் என்பதால் பெரிய தளமாக இருந்தால் பகுதி பகுதியாக வடிகட்டி எடுங்கள். கூடவே ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற, பக்கம் பக்கமாகப் போய் முகவரிகளைச் சேகரிக்கும் ஒரு கிராலரையும் ஓட விடுங்கள் (இலவசப் பதிப்பு 500 யூஆர்எல் வரை போகும்). வெளியிலிருந்து லிங்க் வாங்கிய பக்கங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்றோ எழுதி நீங்களே மறந்துபோன ஒரு பக்கத்துக்குத்தான் பல சமயம் நல்ல லிங்குகள் வந்திருக்கும்.

அப்புறம் ஒரு ஷீட்டில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் அதற்கு நேரான புதியது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. கூகுள் அதை ‘சாஃப்ட் 404’ என்று எடுத்துக்கொள்ளும், அதாவது அந்தப் பக்கம் செத்துவிட்டது என்றே அர்த்தம். நேரான பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) வரட்டும், ஒன்றும் ஆகாது. ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவது) 301 ஆக, அதாவது நிரந்தர மாற்றமாக இருக்கட்டும், 302 தற்காலிக மாற்றத்துக்கானது. முன்பே ஒருமுறை தளம் மாறியிருந்தால் அந்தக் காலத்து ரீடைரக்டுகளையும் நேராகக் கடைசி முகவரிக்கே திருப்புங்கள்; கூகுளின் கிராலரான கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும் என்றாலும் ஒரே தாவலில் போய்ச் சேர்வதுதான் நல்லது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே கூடுதல் தலைவலி ஒன்று இருக்கிறது. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாக்கர் ‘பிளாக்-போஸ்ட்_12’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பெயர் போட்டுவிடும், வேர்ட்பிரஸோ தமிழ் எழுத்துகளையே யூஆர்எல்லில் வைக்கும். இறக்குமதி செய்த பிறகு எது எதுவாக மாறியது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேர்ட்பிரஸில் ஸ்லக்கின் (யூஆர்எல்லில் அந்தப் பக்கத்துக்கான பெயர்ப் பகுதி) எல்லை 200 எழுத்து. ஆனால் ஒரு தமிழ் எழுத்துக்குறி சதவீதக் குறியீடாக (யூஆர்எல்லுக்காக %E0 என்கிற மாதிரி எழுதுவது) மாறும்போது 9 இடம் பிடிக்கிறது. ஆக 22 குறிகளோடு கதை முடிந்தது. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படுவதால் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும், ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு தலைப்புகள் மோதிக்கொள்ளும். கையால் சின்னதாக ஒரு ஸ்லக் போட்டுவிடுவது உத்தமம். பழைய தளத்தில் தமிழ் யூஆர்எல் இருந்து நீங்கள் அப்பாச்சி என்ற வெப் சர்வரில் ரீடைரக்ட் விதி எழுதுகிறீர்கள் என்றால், பழைய முகவரியைக் குறியீடாக எழுதாமல் தமிழாகவே எழுதுங்கள். அப்பாச்சி குறியீட்டைப் பிரித்த பிறகுதான் ஒப்பிடுகிறது, அதனால் குறியீடாக எழுதிய விதி பொருந்தவே பொருந்தாது.

புதுத் தளத்தை வெளியிடும் முன் கட்டிப்பார்க்கும் சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள், அது போதும். நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு) போட்டு வைத்தால் தளம் மாறும் நாளில் அதை எடுக்க மறப்பது சர்வசாதாரணம். வேர்ட்பிரஸில் ரீடிங் செட்டிங்ஸில் இருக்கும், தேடுபொறிகளைத் தடுக்கும் அந்த ஒரு டிக் மொத்தத் தளத்தையும் தேடலிலிருந்து காணாமல் போகச் செய்துவிடும். பக்கத்தின் அசல் முகவரி எது என்று கூகுளுக்குச் சொல்லும் கேனானிகல் டேக் சோதனை முகவரியைக் காட்டுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

டைட்டில், மெட்டா விவரணை, தலைப்புகள், உள் லிங்குகள் எல்லாம் பழையபடியே வரட்டும். உள் லிங்குகள் ரீடைரக்டை நம்பியிருக்காமல் புது முகவரிக்கே நேராகப் போக வேண்டும். எழுத்தைத் திருத்துவது, மெனுவை மாற்றுவது, டொமைனை மாற்றுவது எல்லாவற்றையும் இதே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரேங்க் சரிந்தால் எதனால் சரிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மாற்றும் அன்று, கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து மாற்றிவிட்டு, அந்தப் பழைய பட்டியலையே கிராலரில் போட்டு ஒவ்வொன்றும் 301 கொடுத்து சரியான பக்கத்தில் முடிகிறதா என்று சரிபாருங்கள். புது சைட்மேப்பை சர்ச் கன்சோலில் கொடுங்கள். தளம் உங்களுடையது என்று சர்ச் கன்சோலுக்குக் காட்டும் சரிபார்ப்பை பழைய தீமுக்குள் டேகாக வைத்திருந்தால் தீமோடு அதுவும் போய்விடும், முன்கூட்டியே டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழிக்கு மாற்றிவிடுங்கள்.

அதன்பிறகு சில வாரங்கள் ரேங்க் ஏறி இறங்கத்தான் செய்யும், பதறிப்போய் மறுபடி எதையாவது மாற்றாதீர்கள். சர்ச் கன்சோலின் பேஜஸ் அறிக்கையில் 404 கூடுகிறதா என்று மட்டும் அடிக்கடி பார்த்து, விட்டுப்போனதைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். டொமைனே மாறியிருந்தால் அங்கேயே அதைத் தெரிவிக்க ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’ என்ற கருவி இருக்கிறது. டொமைன் மாறாமல் பிளாட்ஃபார்ம் மட்டும் மாறினால் அது தேவையில்லை. ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம். பழைய டொமைனையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், அது காலாவதியாகி வேறு யாராவது வாங்கிவிட்டால் ரீடைரக்டுகளும் அதோடு போய்விடும்.