விவாகரத்து மனுவோடு பிள்ளைக்கான மனுவையும் சேர்த்துப் போடுவது எப்படி?

விவாகரத்து வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கலாம், ஆனால் ஸ்கூல் ஃபீஸ் ஜூன் மாதமே வந்து நிற்கும். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டப்படி வழக்குப் போடப்போகும் அம்மாக்களுக்கான வழிமுறை இது.

1. எந்த ஊர்?

திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், எங்கே வேண்டுமானாலும் போடலாம். மனைவிக்குக் கூடுதலாக ஒரு வசதி: இப்போது தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம். புதுச்சேரியில் குடித்தனம் நடத்திவிட்டுக் கடலூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? கடலூர் குடும்ப நல நீதிமன்றமே போதும். வாய்தாவுக்கு வாய்தா பிள்ளையோடு பஸ் ஏற வேண்டாம்.

புதுச்சேரிக் குடும்பம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பிரெஞ்சு காலத்தில் ரெனோன்சான் ஆன, அதாவது தங்கள் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட வம்சத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. காகிதங்கள்

கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். ஃபீஸ் ரசீது, மருந்து பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஜீவனாம்சத் தொகை பேசும்போது அவைதான் கை கொடுக்கும்.

3. இடைக்கால மனுக்கள்

என் கணக்கில் இதுதான் முக்கியமான படி. பிரதான மனுவோடு சேர்த்தே பிரிவு 24இல் உங்கள் ஜீவனாம்சமும் வழக்குச் செலவும், பிரிவு 26இல் பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்புச் செலவும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் பணம் பற்றிய மனுவை முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தள்ளிப்போகும், அது வேறு கதை. ஆனாலும் மனுத் தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால், 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்ட ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். உங்கள் வருமானத்தையும் மறைக்காதீர்கள்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்கும். அதற்கு மேல் பிள்ளையின் நலனைத்தான் நீதிபதி பார்ப்பார். அப்பா பார்க்க வரும் நாள், நேரம், இடத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

4. வக்கீல்

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு போன் போடுங்கள்.

5. உத்தரவு வரும்போது

பணத்தைக் கையில் தராமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால், பாஸ்புக்கைக் காட்டியே, உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போடலாம்.